மண்டைக்குள் ஒரு பிரஷர் கேஜ்

பாய்லர், டர்பைன் என்று நான் எழுதிவரும் பழைய கதைகளைப் படிக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "எப்போது பார்த்தாலும் பிரஷர், பிரஷர் என்று எழுதுகிறீர்கள். மனுஷன் உடம்பில் இருக்கிற பிரஷரைப் பற்றி ஒரு நாளாவது எழுதக் கூடாதா?"

நியாயமான கேள்விதான். அனல் மின் நிலையத்தில் 34 வருஷம் இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில் வேலை பார்த்தவன் நான். அழுத்தம், வெப்பம், நீர்மட்டம் இவற்றை அளப்பதும், அளக்கும் கருவி உண்மை பேசுகிறதா என்று சரிபார்ப்பதும்தான் என் பிழைப்பு. இரத்த அழுத்தத்தைப் பற்றி நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டுத்தானே பேப்பரைப் பிரிக்கிறோம். ஆகவே அதிகம் பேசப்படாத இன்னொரு அழுத்தத்தை எடுத்துக்கொள்கிறேன். மண்டையோட்டுக்குள் இருக்கும் அழுத்தம்.

தலையில் பலத்த அடிபட்டவர் பிழைப்பாரா, பிழைத்தால் எப்படி எழுந்து நடமாடுவார் என்பதில் இந்த அழுத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதை அளக்கக் கற்றுக்கொள்ள மருத்துவ உலகத்துக்கு ஏறக்குறைய இருநூறு வருஷம் பிடித்தது. கற்றுக்கொண்ட பிறகு, "அளந்து என்ன கண்டோம்?" என்று அவர்களே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. நான் டாக்டர் இல்லை. கருவிக்காரன் ஒருவன் சொல்லும் கருவியின் கதை என்று படியுங்கள்.

மூடிய பெட்டி

ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்தில் அலெக்ஸாண்டர் மன்றோ என்று தாத்தா, மகன், பேரன் மூன்று பேர் ஒரே பெயரில் ஒருவர் பின் ஒருவராக உடற்கூறு பேராசிரியர்களாக இருந்தார்கள். நடுவில் வந்த இரண்டாம் மன்றோ 1783-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். மண்டையோடு எலும்புப் பெட்டி, அது விரியாது. உள்ளே இருக்கும் மூளை அழுத்தினாலும் சுருங்காது. ஆகவே உள்ளே இருக்கும் இரத்தத்தின் அளவும் எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இது அவர் வாதம்.

அவருடைய மாணவர் ஜார்ஜ் கெல்லி, பக்கத்துத் துறைமுக ஊரான லீத்தில் மருத்துவராக இருந்தார். பிரேதப் பரிசோதனைகள் செய்தும், விலங்குகளின் உடம்பிலிருந்து இரத்தத்தை வடித்தும் பார்த்தார். உடம்பெல்லாம் வெளிறிப்போன பிறகும் மூளைக்குள் இரத்தம் மிச்சம் இருந்தது. குரு சொன்னது ஏறக்குறைய சரிதான் என்று 1824-ல் எழுதினார். அதனால் இந்தக் கொள்கைக்கு இன்றுவரை மன்றோ-கெல்லி கொள்கை என்றே பெயர்.

ஆனால் இருவர் கணக்கிலும் ஒரு பொருள் விட்டுப்போயிருந்தது. மூளையைச் சுற்றியும் அதன் உள்ளறைகளிலும் தெளிந்த நீர் போன்ற திரவம் ஒன்று இருக்கிறது. பெரியவர்களுக்கு மொத்தம் சுமார் 150 மில்லி. ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை லிட்டர் ஊறி, அதே அளவு உறிஞ்சப்படுகிறது. லண்டனில் ஜார்ஜ் பர்ரோஸ் என்பவர் 1846-ல் இதையும் கணக்கில் சேர்த்தார். பெட்டிக்குள் மூன்று சரக்கு: மூளை, இரத்தம், நீர். ஒன்று கூடினால் மற்ற இரண்டில் ஒன்று குறைந்தாக வேண்டும்.

அடிபட்ட தலையில் நடப்பதைப் புரிந்துகொள்ள இது போதும். உள்ளே இரத்தம் கட்டுகிறது, அல்லது மூளை வீங்குகிறது. முதலில் நீர் கொஞ்சம் முதுகுத் தண்டுப் பக்கம் நகர்ந்து இடம் கொடுக்கும். சிரைகளில் உள்ள இரத்தமும் கொஞ்சம் வெளியேறும். அதுவரை அழுத்தம் பெரிதாக ஏறாது. இடம் தீர்ந்த பிறகு ஒரு தேக்கரண்டி கூடினாலும் அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். பாய்லர் என்றால் சேஃப்டி வால்வு தானாகத் திறந்து நீராவியை வெளியே விட்டுவிடும். மண்டையோட்டுக்கு அந்த வசதி இல்லை. அடியில் தண்டுவடம் இறங்கும் ஒரு துவாரம்தான் உண்டு. அழுத்தம் தாங்காமல் மூளை அதன் வழியே பிதுங்கினால், மூச்சை நடத்தும் மையம் நசுங்கி உயிர் போய்விடும்.

வெளியிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள்

பெட்டியைத் திறக்காமல் உள்ளே இருக்கும் அழுத்தத்தை அறிவது எப்படி? முதல் ஜன்னல் கண். ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-ல் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியைச் செய்தார். மூளையில் கட்டி இருப்பவர்களுக்குக் கண் நரம்பு முனை வீங்கியிருப்பதைச் சில வருஷங்களில் கண் மருத்துவர்கள் கண்டுகொண்டார்கள். ஆனால் அந்த வீக்கம் தெரிய நாளாகும். நேற்று இரவு அடிபட்டவருக்கு இன்று காலை அது உதவாது.

இரண்டாவது வழி முதுகு. கீல் நகரத்து மருத்துவர் ஹைன்ரிக் குவின்கே 1891-ல் கீழ் முதுகில் ஊசி செலுத்தித் திரவத்தை எடுத்தார். ஊசியோடு கண்ணாடிக் குழாயை இணைத்து, திரவம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்றும் பார்த்தார். கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்ப்பது போல எளிய அளவைதான். அடிபட்ட தலைக்கு இதில் இரண்டு சிக்கல். ஒன்று, அந்த ஒரு நிமிஷத்து அழுத்தம்தான் தெரியும். அடுத்த மணி நேரத்துக்கு அது பேசாது. இரண்டு, மேலே கட்டி அழுத்திக்கொண்டிருக்கும்போது கீழே நீரை இறக்கினால் மூளையே கீழ்நோக்கிப் பிதுங்கிவிடும் அபாயம் உண்டு.

மூன்றாவதாக வந்தவர் அமெரிக்கர் ஹார்வி குஷிங். மூளை அறுவை சிகிச்சையைத் தனித் துறையாக நிலைநிறுத்தியவர். இளம் வயதில், 1900-1901 வாக்கில் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் கோஹெர் என்ற பெரிய அறுவை மருத்துவரிடம் ஆராய்ச்சி செய்யப் போனார். விலங்குகளின் மண்டைக்குள் திரவத்தைச் செலுத்தி அழுத்தத்தை ஏற்றிப் பார்த்தார். உள் அழுத்தம் ஏறி மூளைக்கு இரத்தம் போவது தடைப்படும் நேரத்தில், உடம்பு இரத்த அழுத்தத்தை இன்னும் மேலே ஏற்றி, எப்படியாவது இரத்தத்தைத் தள்ளப் பார்க்கிறது என்று கண்டார். இரத்த அழுத்தம் ஏறும், நாடி மெதுவாகும், மூச்சு தாறுமாறாகும். இந்த மூன்றையும் இன்றும் குஷிங் பெயரைச் சொல்லியே மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள்.

ஒரு கிளைச் செய்தி. அதே 1901-ல் குஷிங் இத்தாலியில் பவியா நகரத்துக்குப் போனபோது, ரீவா-ரொச்சி 1896-ல் செய்திருந்த, கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கண்டார். ஒன்றைக் கையோடு அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். இன்று நம் வீட்டு அலமாரியில் இருக்கும் பி.பி. கருவியின் முன்னோர் அதுதான்.

ஆக 20-ம் நூற்றாண்டின் முதல் பாதி முழுக்க, அடிபட்டவரின் படுக்கையருகே இருந்த நர்ஸ் பார்த்ததெல்லாம் நாடி, இரத்த அழுத்தம், மூச்சு, கண்மணியின் அளவு, கூப்பிட்டால் பதில் சொல்கிறாரா என்பவைதான். இவை அவசியமான அடையாளங்கள், இன்றும் பார்க்கிறார்கள். குறை என்னவென்றால், குஷிங் சொன்ன மூன்றும் சேர்ந்து தெரியும் நேரத்தில் பெரும்பாலும் காரியம் கைமீறிப் போயிருக்கும்.

அந்தக் காலத்தில்தான் நம் பக்கத்திலும் இந்தத் துறை பிறந்தது. 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டியும், 1950-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பா. ராமமூர்த்தியும் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவுகளைத் தொடங்கினார்கள். ராமமூர்த்தி இங்கிலாந்தில் நியூகாசிலில் ரோபோதம் என்பவரிடம் பயிற்சி பெற்றார். தலைக்காயங்களைப் பற்றியே 1942-ல் புத்தகம் எழுதியவர் ரோபோதம்.

லுண்ட் நகரத்துச் சார்ட் பேப்பர்

தொடர்ந்து அளப்பது என்ற யோசனையை முதலில் செய்து காட்டியவர்கள் பிரான்ஸில் கீயோம், ஜானி என்ற இருவர். 1951-ல் வெளியிட்டார்கள். ஆனால் அதை ஒரு முழு மருத்துவ முறையாக்கியவர் ஸ்வீடனில் லுண்ட் நகரத்தைச் சேர்ந்த நில்ஸ் லுண்ட்பெர்க். 1960-ல் வந்த அவருடைய நூலில் 143 நோயாளிகளின் பதிவுகள் இருக்கின்றன.

அவர் செய்த ஏற்பாட்டைப் படித்தபோது எனக்குப் பழைய கன்ட்ரோல் ரூமுக்குள் நுழைந்தது போல இருந்தது. மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மெல்லிய குழாய் ஒன்றை மூளையின் உள்ளறை வரை செலுத்துகிறார்கள். குழாயில் திரவம் நிறைந்திருக்கும். மறுமுனை வெளியே ஒரு டிரான்ஸ்டியூசரில் இணைகிறது. அதற்குள் இருப்பது ஸ்ட்ரெயின் கேஜ். 1938-ல் அமெரிக்காவில் சிம்மன்ஸ், ரூகே என்ற இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. மெல்லிய கம்பி இழுபடும்போது அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை அளந்தால் அழுத்தம் தெரிந்துவிடும். அங்கிருந்து மின் கம்பி போய்ச் சேரும் இடம் மைப் பேனாவால் நகரும் காகிதத்தில் கோடு போடும் ரெக்கார்டர். நாங்கள் நீராவி அழுத்தத்துக்கு வைத்திருந்த ஏற்பாடும் இதே குடும்பம்தான்.

அந்தக் காகிதத்தில் லுண்ட்பெர்க் கண்டது யாரும் எதிர்பார்க்காதது. படுத்திருக்கும் ஒரு பெரியவருக்கு மண்டைக்குள் அழுத்தம் சாதாரணமாக 7-லிருந்து 15 மில்லிமீட்டர் பாதரசம். நம் 120/80 அளக்கிற அதே அலகு. நோயாளிகளிடம் அது ஒரே மட்டத்தில் நிற்கவில்லை. திடீரென்று 50, சில நேரம் 100 வரைகூட ஏறி, 5 முதல் 20 நிமிஷம் மேடை போல் நின்று, பிறகு தானாக இறங்கியது. பீடபூமி அலை என்று பெயர் வைத்தார்கள். ஊசி குத்தி ஒருமுறை பார்ப்பவருக்கு இந்த அலை சிக்கவே சிக்காது.

இன்னொன்று. அழுத்தம் அப்படி எகிறும் நேரத்தில் சிலருக்குத் தலைவலி, அமைதியின்மை, மயக்கம் வந்தது. சிலருக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை. நாடியும் இரத்த அழுத்தமும் குஷிங் சொன்னபடி மாறாமலே உள்ளே அபாயம் நடந்துகொண்டிருந்தது. பாய்லரின் வெளித்தகட்டைத் தொட்டுப் பார்த்து உள்ளே இருக்கும் அழுத்தத்தைச் சொல்ல முடியாதல்லவா, அந்த மாதிரி. லுண்ட்பெர்க் அளவையோடு நிற்கவில்லை. அழுத்தம் ஏறினால் அதே குழாய் வழியாகக் கொஞ்சம் நீரை வடித்து இறக்கினார். கேஜும் வால்வும் ஒரே குழாயில்.

விபத்தில் வந்தவர்கள்

லுண்ட்பெர்க்கின் 1960 நோயாளிகளில் அதிகம் பேர் மூளைக் கட்டி போன்றவை உள்ளவர்கள். தலைக்காயத்தில் இதே முறையைப் பயன்படுத்திய முடிவுகளைத் தன் சகாக்களோடு 1965-ல் வெளியிட்டார். அப்போது மேற்கு நாடுகளில் கார்கள் பெருகி, சாலை விபத்துகளும் பெருகிய காலம்.

அடுத்த பத்து வருஷத்தில் மூன்று காரியங்கள் சேர்ந்து வந்தன. 1971 அக்டோபரில் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. 1974-ல் கிளாஸ்கோ நகரத்தில் டீஸ்டேலும் ஜென்னட்டும் நினைவின் அளவைச் சொல்ல ஒரு முறை வகுத்தார்கள். கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றுக்கும் மதிப்பெண். இன்றைய கணக்கில் முழு நினைவுக்கு 15, அடிமட்டம் 3. எட்டும் அதற்குக் கீழும் கடுமையான காயம். ஐ.சி.யூ. வாசலில் காத்திருந்தவர்கள் "ஜி.சி.எஸ். எவ்வளவு" என்று டாக்டர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள், அதுதான் இது. 1975-ல் அதே கிளாஸ்கோவிலிருந்து, அடிபட்ட பிறகு பேசிவிட்டுப் பின்னர் இறந்தவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. பேசியிருக்கிறார் என்றால் முதல் அடி மூளையை முழுக்க நொறுக்கவில்லை. பிறகு எது கொன்றது? பெரும்பாலானவர்களிடம் மண்டைக்குள் இரத்தக் கட்டு இருந்தது.

இந்தத் துறையின் நோக்கமே இங்கே மாறியது என்று சொல்லலாம். முதல் அடியை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. அதற்குப் பின் சில மணி நேரத்திலும் சில நாட்களிலும் வருகிற இரண்டாவது அடியைத் தடுக்கலாம். வீக்கம், இரத்தக் கட்டு, இரத்த ஓட்டக் குறைவு, பிராணவாயுக் குறைவு எல்லாம் இரண்டாவது அடிதான்.

அமெரிக்காவில் ரிச்மண்ட் நகரத்தில் பெக்கர் குழுவினர் 1977-ல் 160 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். உடனே மூச்சுக் குழாய், உடனே படம், கட்டி இருந்தால் உடனே அறுவை, பிறகு மண்டை அழுத்தத்தைத் தொடர்ந்து கண்காணித்தல். இறப்பு 30 சதவீதம். அதே வருஷம் கிளாஸ்கோ, நெதர்லாந்து, லாஸ் ஏஞ்சலிஸ் மூன்று இடங்களிலுமாக 700 நோயாளிகளைத் தொகுத்த கணக்கில் இறப்பு சுமார் 50 சதவீதம். இரண்டு கணக்கிலும் வந்தவர்கள் ஒரே மாதிரி இல்லை, ரிச்மண்டில் செய்ததும் ஒன்றல்ல, பல. ஆனாலும் பல மருத்துவர்களுக்குக் கேஜ் மேல் நம்பிக்கை பிறந்துவிட்டது. 1980-களில் மூளைச் சதையிலேயே வைக்கும்படி நுனியில் உணரி பொருத்திய மெல்லிய ஒளியிழைகள் வந்தன. 1995-ல் அமெரிக்க வழிகாட்டி விதிகள் வெளிவந்தபோது, கடுமையான தலைக்காயத்தில் அழுத்தத்தை அளப்பது எழுத்துபூர்வமான பரிந்துரை ஆகிவிட்டது.

காது மட்டம்

இந்தக் கருவியை நான் நேரில் பார்த்தது ஒரு சங்கடமான வேளையில். என் பிரிவில் எனக்குக் கீழே வேலை பார்த்த தம்பி ஒருவரின் மகன், ஹெல்மெட் இல்லாமல் இரவில் வண்டியிலிருந்து விழுந்து, பெரிய நகரத்து மருத்துவமனை ஒன்றில் நினைவில்லாமல் கிடந்தான். தகப்பனுக்கு அந்தத் திரையில் தெரிகிற ஒரு எண் மட்டும்தான் உலகம். நான் போனதும், "அண்ணே, காலையில 14 இருந்துச்சு. இப்போ 21 காட்டுது. புள்ளை கை விட்டுப் போயிடுவானா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பையனின் கட்டிலைத் தலைப்பக்கம் சற்று முன்புதான் உயர்த்தியிருந்தார்கள். டிரான்ஸ்டியூசர் கம்பத்தில் பழைய உயரத்திலேயே இருந்தது. அங்கே இருந்த நர்ஸம்மா அடுத்த வேலையாக அதைத்தான் செய்தார். டிரான்ஸ்டியூசரைப் பையனின் காதுத் துளைக்கு நேராகக் கொண்டுவந்து பூட்டினார். எண் 13-க்கு வந்தது.

கணக்கு எளிது. பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு கனம். குழாயில் இருப்பது ஏறக்குறைய நீர். தலை 10 சென்டிமீட்டர் உயர்ந்து டிரான்ஸ்டியூசர் கீழேயே நின்றால், அழுத்தம் மாறாமலே 7 மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாகக் காட்டும். பாய்லர் டிரம்மின் கேஜை இருபது மீட்டர் கீழே தரைத்தளத்தில் வைத்தால் குழாயில் நிற்கும் நீரின் கனத்தைக் கழிக்கிறோமே, அதே கழித்தல்தான். அந்தத் தம்பிக்கு இதை வேலை பாஷையில் சொன்னேன். "அப்ப ஹெட் கரெக்‌ஷன் தானா அண்ணே" என்றார். மூன்று நாளில் முதல் முறையாக அவர் உட்கார்ந்தது அப்போதுதான்.

சதைக்குள் வைக்கும் ஒளியிழைக்கு இந்த மட்டம் பார்க்கும் தொல்லை இல்லை. அதற்கு வேறு குணம். நாளாக ஆக அளவு சற்றே நகரும். உள்ளே வைத்த பிறகு பூஜ்யம் சரிதானா என்று சோதிக்க வழியும் கிடையாது. உள்ளறைக் குழாயில் சோதிக்கலாம், நீரும் வடிக்கலாம். ஆனால் கிருமி தொற்றும் ஆபத்து கூடுதல். குறையே இல்லாத கேஜை எங்கள் தொழிலிலும் நான் பார்த்ததில்லை.

பையன் பிழைத்தான். வலது கை கொஞ்சம் பலவீனம், பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வராது. இப்போது செல்போன் கடை வைத்திருக்கிறான்.

முள் இறங்கினால் போதுமா?

எண் தெரிந்துவிட்டால், அதை இறக்கத்தான் எல்லாருக்கும் கை துடிக்கும். தலையை 30 டிகிரி உயர்த்துவது, மயக்க மருந்து, நீர் வடிப்பது, மேனிட்டால் அல்லது செறிவான உப்பு நீர் ஏற்றுவது என்று வழிகள் உண்டு. உப்பு நீர் மூளையைச் சுருக்கும் என்பது 1919-லேயே விலங்குகளில் கண்டறியப்பட்டது.

இன்னொரு வழி, வென்டிலேட்டரில் மூச்சை வேகப்படுத்துவது. கரியமில வாயு குறைந்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், அழுத்தம் சட்டென்று இறங்கும். 1970, 80-களில் இதை வழக்கமாகச் செய்தார்கள். 1991-ல் மெய்ஸலார் குழுவினர் நோயாளிகளை மூன்றாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். நாட்கணக்கில் வேகமூச்சு கொடுக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினர், மூன்று மாதத்திலும் ஆறு மாதத்திலும் மற்றவர்களைவிட மோசமான நிலையில் இருந்தார்கள். காரணம் ஊகிக்கக்கூடியதுதான். குழாய் சுருங்கினால் அழுத்தம் மட்டுமா குறையும், இரத்தமும் அல்லவா குறையும்?

இங்கே இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். மூளைக்கு இரத்தத்தைத் தள்ளும் விசை என்பது சராசரி இரத்த அழுத்தத்தில் மண்டை அழுத்தத்தைக் கழித்தால் வருவது. 120/80 என்றால் சராசரி சுமார் 93. மண்டைக்குள் 20 என்றால் மிச்சம் 73, போதும். விபத்தில் இரத்தம் இழந்து சராசரி 60-க்கு இறங்கிவிட்டது, மண்டைக்குள் 25 என்றால் மிச்சம் 35. மூளை பட்டினி. 60 முதல் 70 வரை இருக்க வேண்டும் என்கிறது 2016-ல் வந்த வழிகாட்டி. மண்டை அழுத்தம் 22-ஐத் தாண்டினால் சிகிச்சை தேவை என்பதும் அதில்தான் உள்ளது. அதற்கு முன் 20 என்று வைத்திருந்தார்கள்.

சரி, கேஜ் வைப்பதால் உயிர் பிழைப்பவர்கள் கூடுகிறார்களா? அமெரிக்காவில் இதைச் சோதிப்பது கடினம். கேஜை நம்பும் மருத்துவர், பாதி நோயாளிகளுக்கு அது வேண்டாம் என்று எப்படி விடுவார்? தென் அமெரிக்காவில் பொலிவியா, ஈக்வடார் நாடுகளில் நிலைமை வேறு. அங்கே சில மருத்துவமனைகளில் தேர்ந்த ஐ.சி.யூ. மருத்துவர்களும் சி.டி. ஸ்கேனும் இருந்தன, கேஜ் வழக்கத்தில் இல்லை. ராண்டல் செஸ்நட் என்ற அமெரிக்க மருத்துவர் அங்குள்ள மருத்துவர்களோடு சேர்ந்து 324 நோயாளிகளிடம் சோதனை நடத்தினார். ஒரு பாதிக்குக் கேஜ் வைத்து 20-க்குக் கீழ் வைத்திருந்தார்கள். மறுபாதிக்குக் கேஜ் இல்லை. திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்தும், கண்மணியையும் நினைவையும் பார்த்தும் சிகிச்சை.

முடிவு 2012 டிசம்பரில் வந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்கள், கேஜ் வைத்தவர்களில் 39 சதவீதம். வைக்காதவர்களில் 41 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல முடியாத வித்தியாசம். உலகமெங்கும் பெரிய விவாதம். "அப்படியானால் கேஜ் வீணா?" என்று கேட்டவர்களுக்கு செஸ்நட்டின் பதில் கவனிக்கத் தக்கது. இது கேஜ் வேண்டுமா வேண்டாமா என்ற சோதனை அல்ல. இரண்டு பக்கமும் மண்டை அழுத்தத்துக்குத்தான் சிகிச்சை நடந்தது, அறிந்துகொண்ட வழிதான் வேறு. கேஜ் இல்லாத பக்கத்தில் உப்பு நீர், வேகமூச்சு போன்ற சிகிச்சைகள் அதிக நாள் கொடுக்கப்பட்டன. கேஜ் வைத்த பக்கம் 3.4 நாள், இல்லாத பக்கம் 4.8 நாள். எண் தெரிந்தவர் தேவையானபோது கொடுத்தார், தெரியாதவர் எதற்கும் இருக்கட்டும் என்று கொடுத்தார். அந்தச் சோதனையிலிருந்து, கேஜ் இல்லாத ஊர்களில் எப்படிப் படிப்படியாகப் பார்த்துச் சிகிச்சை செய்வது என்ற ஒழுங்குமுறை ஒன்றும் 2020-ல் உருவானது. உலகத்தின் பெரும்பகுதி அப்படிப்பட்ட ஊர்கள்தான் என்பதால், என் பார்வையில் அந்தச் சோதனையின் பெரிய பலன் அதுதான்.

எலும்பைத் திறப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். எதற்கும் அழுத்தம் இறங்கவில்லை என்றால் மண்டையோட்டின் ஒரு பெரிய பகுதியை எடுத்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துப் பத்திரப்படுத்தி, மாதங்கள் கழித்துத் திரும்பப் பொருத்துவார்கள். மூடிய பெட்டிக்கு மூடியே திறந்தாயிற்று. 2011-ல் வந்த ஒரு சோதனையில் 155 பேர். சீக்கிரமாகவே எலும்பை எடுத்தவர்களுக்கு அழுத்தம் நன்றாக இறங்கியது, ஐ.சி.யூ. நாட்களும் குறைந்தன. ஆனால் ஆறு மாதத்தில் மோசமான நிலையில் இருந்தவர்கள் எலும்பை எடுத்தவர்களில் 70 சதவீதம், எடுக்காதவர்களில் 51. 2016-ல் வந்த இன்னொரு சோதனையில் 408 பேர். கடைசிக் கட்டமாக மட்டுமே எலும்பை எடுத்தார்கள். இறப்பு 48.9 சதவீதத்திலிருந்து 26.9-க்கு இறங்கியது. கூடவே, உயிர் மட்டும் இருந்து நினைவே திரும்பாதவர்கள் 2.1 சதவீதத்திலிருந்து 8.5 ஆனார்கள். கையெழுத்துக் கேட்டு டாக்டர் காகிதத்தை நீட்டும்போது வீட்டார் எடை போட வேண்டியது இந்த இரண்டையும் சேர்த்துத்தான்.

எங்கள் தொழிலில் புதுப் பையன்களுக்குச் சொல்வோம்: கேஜ் முள்ளைச் சரியாக வைப்பது உன் வேலை இல்லை, பாய்லரைச் சரியாக வைப்பதுதான் வேலை. மருத்துவர்கள் அதைக் கற்க 1960-லிருந்து அரை நூற்றாண்டும், ஆயிரக்கணக்கான நோயாளிகளும் ஆனார்கள். அதற்காகக் கேஜ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லுண்ட்பெர்க்கின் காகிதம் காட்டிய அந்த மேடை அலைகளை வெறும் கண்ணால் யாராலும் கண்டிருக்க முடியாது. எண்ணோடு கூட இரத்த அழுத்தத்தையும், ஸ்கேனையும், கண்மணியையும், கட்டில் உயரத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு மனிதர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்கும் இந்த நிலை வர வேண்டாம். வந்தால், திரையில் தெரிகிற ஒரு எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். ஒரு நாள் முழுவதும் எப்படி இருந்தது, இறங்கினால் எதனால் இறங்கியது, இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். பேரப் பிள்ளைகள் வண்டியை எடுக்கும்போது ஹெல்மெட்டைக் கையில் கொடுத்து, கொக்கியை மாட்டிய பிறகே வாசலைத் திறந்து விடுங்கள். என் வீட்டில் அதுதான் சட்டம். மூத்த பேரனுக்கு என் மேல் கொஞ்சம் கோபம்கூட.

மூளை அறுவை சிகிச்சை வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸுகள், டெக்னீஷியன்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் காலத்தில் மண்டை அழுத்தத்தை எப்படிக் கண்காணித்தீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். அடுத்த வாரம் வழக்கம்போல் பாய்லர்தான். டிரம் நீர்மட்டம் கண்ணாடிக் குழாயில் பார்த்த காலத்துக் கதை ஒன்று பாக்கி இருக்கிறது.